கழுத்துல குத்துறதுக்கு முன்னாடி ஜெலட்டின்ல குத்துங்க: டாக்டர்களுக்கு சிமுலேஷன் ட்ரெயினிங் நடத்துறது எப்படி

நான் முதமுதல்ல ஒரு பேஷன்டுக்கு சென்ட்ரல் லைன் (கழுத்துல இருக்கற பெரிய வெயின் வழியா உள்ள விடற மெல்லிசு குழாய்) போட்டப்ப எனக்கு இருந்த அனுபவம் என்னன்னா, ரெண்டு தடவை சீனியர் தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தது, அவ்ளோதான். மூணாவது தடவை நைட் டூட்டில "நீ பாத்திருக்கல்ல, போடு"ன்னுட்டார். குத்தினேன், ரத்தம் வந்துச்சு, சந்தோஷப்பட்டேன், ஆனா அது செக்கச்செவேல்னு சிரிஞ்சோட பிஸ்டன தானே தள்ளிக்கிட்டு வந்துச்சு. வெயின் இல்ல, மூளைக்கு ரத்தம் கொண்டு போற கரோடிட் ஆர்ட்டரி. டைலேட்டர் (குத்தின ஓட்டைய பெருசாக்கற தடிச்ச குழாய்) உள்ள போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சதால நீடில எடுத்துட்டு ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிச்சோம், பேஷன்டுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குதான் அடுத்த மூணு மாசம் அந்த செட்ட பாத்தாலே கை நடுங்கும்.

கண் பாத்தா கை செய்யும்னு ஒரு பழமொழி சொல்லுவோம்ல, ப்ரொசீஜர் விஷயத்துல அது சுத்தப் பொய். ஆனா "ஒண்ணு பாரு, ஒண்ணு செய், ஒண்ணு சொல்லிக்குடு"ங்கற பேர்ல உலகம் முழுக்க டாக்டர்கள அப்படித்தான் பழக்கிட்டு வந்தோம், இன்னும் நிறைய இடத்துல அதான் நடக்குது. இப்ப நான் ஜூனியர்களுக்கு சிமுலேஷன் ட்ரெயினிங் (பேஷன்ட தொடறதுக்கு முன்னாடி மாடல்லயும், நடிச்சுப் பாத்தும் பழகறது) எடுக்கறேன், புதுசா ஆரம்பிக்கறவங்க திரும்பத் திரும்ப ஒரே கேள்விய கேக்கறாங்க, எந்த மேனிகின் (பழகறதுக்கான மனுஷ பொம்மை) வாங்கறதுன்னு. அந்தக் கேள்வியே தப்பு, ஏன்னு சொல்றதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மேனிகின் இல்லாமலே இது நடந்திருக்கு

சுஸ்ருத சம்ஹிதைல இதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. வெட்டிப் பழக பூசணி, சுரைக்காய், வெள்ளரிக்காய், ரத்தக்குழாய் குத்திப் பழக செத்த மிருகத்தோட ரத்தக்குழாயும் தாமரைத் தண்டும், தையல் போட தடிச்ச துணி, கட்டுப் போட பொம்மை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க, அந்த மனுஷன் நிஜ சுரைக்காயையே கைல குடுத்துட்டார். 18ஆம் நூற்றாண்டுல ஃப்ரான்ஸ்ல மேடம் டு கூட்ரே துணியாலயே இடுப்புப் பகுதி மாதிரி ஒண்ணு தைச்சு, அத தூக்கிட்டு ஊர் ஊரா போய் பிரசவம் பாக்கறவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தாங்க, ராஜாவே காசு குடுத்து அனுப்பினார். 1960ல நார்வேல பொம்மை செய்யற கம்பெனி வெச்சிருந்த ஆஸ்முண்ட் லேர்டால் சிபிஆர் (நெஞ்ச அமுக்கி மூச்சு குடுக்கறது) பழக ஒரு பொம்மை பண்ணினார், அதான் நாம எல்லாரும் மூச்சு ஊதிப் பழகின ரெசஸி ஆன். 80கள்ல ஸ்டான்ஃபோர்ட்ல டேவிட் காபா அனஸ்தீஷியாவுக்குன்னு முழு ஆபரேஷன் தியேட்டர் சூழ்நிலையவே சிமுலேட் பண்ண ஆரம்பிச்சார். சிமுலேஷன்ங்கறது ஒரு டெக்னாலஜி இல்ல, சொல்லிக்குடுக்கற ஒரு முறைன்னு அவர் ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றார். மேனிகின் கேட்லாக்க தெறக்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாருங்க.

ஒரே ஒரு ப்ரொசீஜர எடுங்க

ஆரம்பிக்கறப்ப எல்லாரும் பண்ற தப்பு, எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிக்குடுக்கணும்னு நெனைக்கறது. காலைல இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாய்ல ட்யூப் போடறது), பதினோரு மணிக்கு செஸ்ட் ட்ரெய்ன் (நெஞ்சுக்குள்ள குழாய் விடறது), மதியம் லம்பர் பங்சர் (முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கறது), சாயங்காலம் சர்டிஃபிகேட். போட்டோல நல்லா இருக்கும், வார்டுல ஒண்ணும் மாறாது.

உங்க இடத்துல எந்த ப்ரொசீஜர் அடிக்கடி நடக்குது, எதுல தப்பு நடந்தா பேஷன்டுக்கு பெரிய அடி விழுது, எத ஜூனியர்ஸ் தனியா ராத்திரில பண்றாங்க, இந்த மூணும் சேர்ற எடத்துல இருந்து ஒண்ண எடுங்க. இன்சிடென்ட் ரிப்போர்ட் இருந்தா அத பாருங்க, இல்லைன்னா ஐசியூ சிஸ்டர்கள்ட்ட போய் கேளுங்க, யாரு எதுல தடுமாறுறாங்கன்னு அவங்களுக்கு டாக்டர்கள விட நல்லா தெரியும். நான் சென்ட்ரல் லைன வெச்சே மீதியையும் சொல்றேன், ஏன்னா அதுல எல்லா வகை ஆபத்தும் இருக்கு, ஆர்ட்டரில குத்தறது, லங்க்ல ஓட்டை போடறது, இன்ஃபெக்‌ஷன், உள்ளயே விட்டுட்டு வர்ற கைட்வயர் (குழாய்க்கு வழி காட்ட முதல்ல விடற மெல்லிசு கம்பி). செஸ்ட் ட்ரெய்னோ லம்பர் பங்சரோ எதுவா இருந்தாலும் வழி இதேதான்.

செக்லிஸ்ட் எழுதறதுலதான் பாதி வேலை

நாலு பேரா உக்காந்து, அந்த ப்ரொசீஜர நிஜமா நல்லா பண்ற ஒருத்தர செய்யச் சொல்லிட்டு, ஒவ்வொரு அசைவையும் எழுதுங்க. அனுபவசாலிகள எழுதச் சொன்னா பாதி ஸ்டெப்ப விட்டுடுவாங்க, அவங்களுக்கு அது கையில இருக்கு, வாயில இல்ல. அதனால அவங்க செய்யட்டும், நீங்க எழுதுங்க. எங்களோடது கிட்டத்தட்ட இப்படி ஓடும்: பேஷன்ட்கிட்ட சொல்லி சம்மதம் வாங்கறது, தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்த்தறது, அல்ட்ராசவுண்ட்ல பாத்து அமுக்கினா அமுங்கறது வெயின், அமுங்காம துடிக்கறது ஆர்ட்டரின்னு வாய்விட்டு சொல்றது, கை கழுவி கேப் மாஸ்க் கவுன் க்ளவுஸ் போட்டு, க்ளோர்ஹெக்ஸிடின் போட்டு காயற வரைக்கும் நிக்கறது (காயற வரைக்கும், அத யாரும் நிக்கறதே இல்ல), முழு உடம்பையும் மூடற ட்ரேப், மரத்துப்போற ஊசி, நீடில் முனை ஸ்க்ரீன்ல தெரிஞ்சுக்கிட்டே இருக்கற மாதிரி குத்தறது, வயர விடறது, ஈசிஜில எக்டோபிக் (தாளம் தப்பின துடிப்பு) வருதான்னு பாக்கறது. அப்பறம் ரொம்ப முக்கியமான எடம், டைலேட்டர் போடறதுக்கு முன்னாடி வயர் வெயின்லதான் இருக்குன்னு அல்ட்ராசவுண்ட்ல மறுபடி பாக்கறது. நீடில் ஆர்ட்டரில போனா அமுக்கிப் பிடிச்சு சமாளிக்கலாம், டைலேட்டர் போயிட்டா கத வேற, அத உருவவே கூடாது, அப்படியே விட்டுட்டு வாஸ்குலர் சர்ஜன கூப்பிடணும்.

அடுத்தது கைட்வயர். கதீட்டர (லைனோட குழாய) உள்ள தள்றதுக்கு முன்னாடி வயரோட பின்முனை கதீட்டர் வால்பக்கம் வெளிய எட்டிப் பாக்கணும், அத ஒரு கையால பிடிச்சுக்கணும், அதுக்கப்பறம்தான் தள்ளணும். கேக்கறதுக்கு சின்னக் குழந்தைக்கு சொல்ற மாதிரி இருக்கும், ஆனா கைட்வயர உள்ளயே விட்டுட்டு வந்த கேஸ் நல்ல நல்ல டாக்டர்களுக்கே நடந்திருக்கு, நடு ப்ரொசீஜர்ல யாரோ எதையோ கேட்டிருப்பாங்க, கவனம் ஒரு நிமிஷம் போயிருக்கும். அதனால எங்க செக்லிஸ்ட்ல "வயர் வெளிய வந்துடுச்சு"ன்னு சத்தமா சொல்றதும், உதவிக்கு நிக்கறவங்க அத கண்ணால பாத்து "பாத்துட்டேன்"னு பதில் சொல்றதும் தனி ஸ்டெப்.

இதுல சில ஸ்டெப்புகள உயிர் ஸ்டெப்புன்னு குறிச்சு வையுங்க. மீதி எல்லாம் சரியா பண்ணி இருந்தாலும் இதுல ஒண்ணு தப்பினா ஃபெயில், மார்க் கணக்கே கிடையாது. தொண்ணூறு சதவீதம் மார்க் வாங்கிட்டு வயர உள்ள விட்டுட்டு வந்தவருக்கு பாஸ் போட முடியாதுல்ல.

மாடல்

காசு இருந்தா கடைல வாங்குங்க, வேணாம்னு சொல்லல. இல்லைன்னா ஜெலட்டின் போதும். ஸ்வீட்டுக்கு போடறத விட நல்லா கெட்டியா ஜெலட்டின் கரைச்சு, அதுல கொஞ்சம் இசப்கோல் உமி கலக்குங்க, வெறும் ஜெலட்டின் அல்ட்ராசவுண்ட்ல கறுப்பா தெரியும், உமி போட்டாத்தான் சதை மாதிரி புள்ளி புள்ளியா வரும். ட்ரேல பாதி ஊத்தி உறைஞ்சதும், மெல்லிசு நீள பலூன்ல நீலக் கலர் தண்ணி லேசா நெரப்பி வெயினுக்கு, தடிச்ச சிலிகான் ட்யூப்ல சிவப்புத் தண்ணி ஆர்ட்டரிக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மேல மறுபடி ஊத்திடுங்க. பலூன்ல காத்து குமிழி இருந்தா படமே வராது, பாத்து நெரப்புங்க. ஆர்ட்டரி ட்யூப் ஒரு முனைய சிரிஞ்சுல மாட்டி பக்கத்துல ஒருத்தர் தாளத்துக்கு அமுக்கி விட்டுக்கிட்டே இருந்தா துடிப்பும் வந்துடும். ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு நாள் தாங்கும், அப்பறம் பூஞ்சை பிடிக்கும்.

இதுல ஒரு தொல்லை, நாலு பேர் குத்தினப்பறம் குத்தின தடம் தெரியும், அஞ்சாவது ஆள் அந்த ஓட்டையிலயே விட்டுட்டு தன்ன பெரிய ஆளுன்னு நெனச்சுக்குவார். மேல ஒரு துணியோ ரப்பர் ஷீட்டோ போட்டு மூடுங்க, அப்பப்ப திருப்பி வையுங்க, உருக்கி மறுபடி ஊத்தவும் செய்யலாம்.

மாடல் எவ்ளோ நிஜம் மாதிரி இருக்கணும்னு ரொம்ப அலட்டிக்க வேணாம். பாக்க நிஜம் மாதிரி இருக்கறது ஒண்ணு, கை பண்ற வேலை நிஜ வேலை மாதிரி இருக்கறது இன்னொண்ணு, கை பழகறதுக்கு ரெண்டாவதுதான் வேணும். முகம், கண் சிமிட்டறது, மூச்சு விடறது எல்லாம் இருக்கற மேனிகின்ல கழுத்து ரப்பர் கட்டை மாதிரி இருந்தா லைன் போட அது உதவாது. ஆனா கிட் மட்டும் வார்டுல இருக்கற அதே கிட்டா இருக்கணும், அதே பேக்கிங், அதே க்ளாம்ப். எக்ஸ்பைரி ஆன கிட்டுகள சேத்து வெச்சுக்கங்க, ஆனா அதுல பெருசா "பயிற்சிக்கு மட்டும்"னு எழுதி ஒட்டாம ஒரு பாக்கெட்டக்கூட உள்ள விடாதீங்க, அதப் பத்தி கடைசில சொல்றேன்.

"வெச்சுக்கங்க"ங்கற வார்த்தைய தடை பண்ணுங்க

எந்த ட்ரெயினிங் ரூமுக்குப் போனாலும் கேக்கலாம். "சார், கை கழுவிட்டேன்னு வெச்சுக்கங்க." "மேடம், ட்ரேப் போட்டாச்சுன்னு வெச்சுக்கங்க." இந்த ஒரு வார்த்தைதான் நல்ல ட்ரெயினிங்க கெடுக்குது. பழகறது எப்படியோ அப்படித்தான் ராத்திரி மூணு மணிக்கு கை போகும், இங்க இருபது தடவை ட்ரேப்ப தாண்டிப் போய் பழகினவர் அங்கயும் தாண்டித்தான் போவார். நல்லது பண்றேன்னு நாமளே தப்ப பழக்கி விட்டுட்டோம்னு அர்த்தம். கவுன் செலவாகுதுன்னா துணி கவுன துவைச்சுப் போடுங்க, ஆனா போடணும், கட்டணும், மொத்தமும்.

எப்படி சொல்லிக்குடுக்கறது

நாலு பேருக்கு மேல ஒரு ட்ரெயினருக்கு வேணாம். முதல்ல எதுவும் சொல்லிக்குடுக்காம அவங்கள ஒரு தடவை செய்ய விடுங்க, செக்லிஸ்ட் வெச்சு மார்க் போடுங்க. கொஞ்சம் கொடூரமா தெரியும், ஆனா பல வருஷமா லைன் போட்டுக்கிட்டு இருக்கறவங்களே இதுல பாஸ் ஆக மாட்டாங்க, எண்ணிக்கையும் திறமையும் வேற வேறன்னு அவங்களுக்கே புரியறது அப்பதான். சீனியர் யாராவது தடுமாறினா ஜூனியர் முன்னாடி வேணாம், தனியா பாத்துக்கங்க.

அப்பறம் பெய்ட்டன்ங்கற ஒரு சர்ஜன் சொன்ன நாலு படி முறை நல்லா வேலை செய்யும். நீங்க ஒரு வார்த்தை பேசாம நிஜ வேகத்துல செஞ்சு காட்டறது, அதே வேலைய விளக்கிக்கிட்டே மெதுவா செய்யறது, அப்பறம் அவங்க வாயால சொல்ல நீங்க செய்யறது, கடைசியா அவங்களே சொல்லிக்கிட்டே செய்யறது. மூணாவது படியத்தான் எல்லாரும் தாண்டிடறாங்க, ஆனா மண்டைல என்ன தப்பா ஏறி இருக்குன்னு வெளிய வர்றது அதுலதான். அவங்க ஒரு ஸ்டெப்ப மறந்தா நீங்களும் கைய நிறுத்திட்டு நில்லுங்க, தானா செஞ்சுடாதீங்க.

அதுக்கப்பறம் திரும்பத் திரும்ப செய்யறதுதான், அதுல குறுக்கு வழி இல்ல. ஆனா சும்மா பத்து தடவை செய்யறதுல பிரயோஜனம் கிடையாது, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குறைய எடுத்து, "நீடில் முனை எங்க போச்சுன்னு தெரியாமலே தள்றீங்க, இந்த தடவை அத மட்டும் பாருங்க"ன்னு சொல்லி செய்ய வைக்கணும். குத்தறது மட்டும் வரலைன்னா குத்தறத மட்டும் முப்பது தடவை, முழு ப்ரொசீஜரும் வேணாம்.

நேரத்த ஃபிக்ஸ் பண்ணாதீங்க, லெவல ஃபிக்ஸ் பண்ணுங்க. ரெண்டு மணி நேரம் முடிஞ்சா எல்லாருக்கும் பாஸ்ங்கறது வருகைப் பதிவேடு, ட்ரெயினிங் இல்ல. ஒருத்தருக்கு ஒரு மணி நேரம் போதும், இன்னொருத்தர் நாலு நாள் வரணும், ரெண்டு பேரும் ஒரே கோட்ட தாண்டினப்பறம்தான் பேஷன்ட தொடணும். மாஸ்டரி லேர்னிங்னு இதுக்குப் பேரு. சிகாகோல நார்த்வெஸ்டர்ன் யூனிவர்சிட்டி ஆளுங்க சென்ட்ரல் லைனுக்கு இதத்தான் பண்ணினாங்க, 2009ல வெளியிட்டாங்க, அவங்க ஐசியூல லைன் இன்ஃபெக்‌ஷன் 1000 கதீட்டர் நாளுக்கு (இந்தக் கணக்க பின்னாடி சொல்றேன்) 3.20 இருந்தது 0.50 ஆச்சு. புது மருந்து இல்ல, புது கதீட்டர் இல்ல, அதே ரெசிடென்ட்ஸ்தான் (ட்ரெயினிங்ல இருக்கற டாக்டர்கள்).

லேப்ராஸ்கோப்பிலயும் (சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டு பண்ற ஆபரேஷன்) இதே கததான், 2002ல வந்த ஒரு ஆய்வுல விஆர் (கம்ப்யூட்டர்ல நிஜம் மாதிரி காட்டற) சிமுலேட்டர்ல ஒரு குறிப்பிட்ட லெவல் வர்ற வரைக்கும் பழகின ரெசிடென்ட்ஸ், பித்தப்பைய பிரிக்கற வேலைய 29 சதவீதம் வேகமா முடிச்சாங்க, பழகாதவங்க பித்தப்பைய காயப்படுத்தறதோ பக்கத்து திசுவ சுடறதோ அஞ்சு மடங்கு அதிகமா நடந்துச்சு.

கை பழகியாச்சு, இனி தலை

கை சரியா இருந்தும் பேஷன்ட் சாகறது உண்டு. 2005ல இங்கிலாந்துல ஒரு சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்கு வந்த பெண்மணிக்கு, மயக்க மருந்து குடுத்தப்பறம் மூச்சுக்குழாய்ல ட்யூப் போட முடியல, மாஸ்க்ல காத்தும் போகல. ரூம்ல இருந்தவங்க எல்லாம் நல்ல அனுபவசாலி டாக்டர்கள். ஆனா ட்யூப் போட்டே தீருவோம்னு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டே இருந்தாங்க, நேரம் போனதே அவங்களுக்கு தெரியல. நர்ஸ் ஒருத்தர் ட்ரக்கியாஸ்டமி (கழுத்துல வெட்டி மூச்சுக்குழாய்ல ட்யூப் போடறது) செட்ட எடுத்துட்டு வந்து ரெடின்னு சொன்னாங்க, யாரு காதுலயும் விழல. பதிமூணு நாள் கழிச்சு அந்த பேஷன்ட் இறந்துட்டாங்க. அவங்க கணவர் ஒரு பைலட், விமானத்துல இந்த மாதிரி நேரத்துக்குன்னே சிமுலேட்டர்ல பழக்குவாங்களே, இங்க ஏன் இல்லைன்னு அவர் கேட்ட கேள்விதான் பல இடங்கள்ல ஏர்வே (மூச்சு வழி) ட்ரெயினிங்க மாத்துச்சு.

இதுக்கு சினாரியோ (நடிச்சுப் பாக்கற ஒரு எமர்ஜென்சி சூழ்நிலை) வேணும், டீமா செய்யணும். டாக்டர மட்டும் கூப்பிடாதீங்க, நிஜத்துல யாரு யாரு நிப்பாங்களோ அவங்க எல்லாரும் வரணும். ஒரு பக்கத்துக்கு மேல சினாரியோ எழுத வேணாம்: என்ன கத்துக்கணும் (ரெண்டே விஷயம்), பேஷன்ட் யாரு, ஆரம்பத்துல பல்ஸ் பிபி சேச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு) என்ன, அவங்க இத பண்ணினா என்ன மாறும், பண்ணலைன்னா என்ன மாறும், எப்ப நிறுத்தறது. பத்து நிமிஷத்துல முடியணும். ஏர்வே சினாரியோன்னா சிஸ்டரா நடிக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க, "செட் ரெடி"ன்னு ஒரே ஒரு தடவை மெதுவா சொல்லுங்கன்னு. அது காதுல விழுந்துச்சா இல்லையாங்கறதுதான் மொத்த சினாரியோவும். முத தடவை பத்துல எட்டு டீம் கேக்காது, நான் பாத்த வரைக்கும். அவங்ககிட்ட வீடியோவ போட்டுக் காட்டுங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதே இருக்காது.

இதுல பழக வேண்டிய பேச்சும் இருக்கு. "யாராவது அட்ரினலின் குடுங்க"ன்னா யாரும் குடுக்க மாட்டாங்க. பேர சொல்லி, மருந்து சொல்லி, அளவு சொல்லி கேக்கணும், கேட்டவர் அத திருப்பிச் சொல்லணும், குடுத்ததும் குடுத்தாச்சுன்னு சொல்லணும். மூணாவத எல்லாரும் விட்டுடுவாங்க, அப்பறம் ரெண்டு தடவை மருந்து போகும், இல்ல போகவே போகாது.

பிரசவத்துல தோள் மாட்டிக்கற எமர்ஜென்சிக்கு இங்கிலாந்துல ப்ரிஸ்டல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில டாக்டர், மிட்வைஃப் எல்லாருக்கும் சேத்து மேனிகின்ல வருஷா வருஷம் பழக்கினாங்க, தோள் மாட்டின குழந்தைகள்ல காயம் ஆனது 9.3 சதவீதத்துல இருந்து 2.3க்கு வந்துச்சுன்னு 2008ல எழுதினாங்க. எல்லாரையும் சேத்துங்கறதுதான் இதுல விஷயமே.

மேனிகின் சாகலாமா கூடாதாங்கறது இந்த ஃபீல்டுல ஓயாத சண்டை. ட்ரெயினருக்கு கோவம் வந்து "தப்பு பண்ணினேல்ல, செத்துட்டான் பாரு"ன்னு கொல்றது மட்டும் வேணவே வேணாம், மத்தபடி முன்னாடியே திட்டம் போட்டு, அதப் பத்தி பேச நேரம் வெச்சு பண்ணினா சரின்னு நெனைக்கறேன்.

டிபிரீஃபிங், இத கெடுத்தா எல்லாம் போச்சு

டிபிரீஃபிங்னா சினாரியோ முடிஞ்சப்பறம் உக்காந்து அதப் பத்தி பேசறது, பத்து நிமிஷ சினாரியோவுக்கு இருபது நிமிஷமாவது பேசணும். உண்மையா கத்துக்கறது இங்கதான், சினாரியோ அதுக்கு ஒரு சாக்கு. நான் முதல்ல ரெண்டு வருஷம் இத கேவலமா பண்ணினேன், பக்கத்துல நின்னு குறிப்பெடுத்து, முடிஞ்சதும் பதினாலு தப்ப படிச்சுக் காட்டுவேன், அடுத்த தடவை பாதிப் பேர் லீவு போட்டுடுவாங்க.

சினாரியோ முடிஞ்ச உடனே அவங்க மனசுல கொதிச்சுக்கிட்டு இருக்கும், அத முதல்ல கொட்ட விடுங்க, "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டுட்டு வாய மூடுங்க. அப்பறம்தான் அலசல். "ஏன் அப்படி பண்ணினே?"ன்னு கேட்டா யாரா இருந்தாலும் வக்கீல் மாதிரி தன்ன காப்பாத்திக்கத்தான் பாப்பாங்க. அதுக்குப் பதிலா நீங்க பாத்தத சொல்லுங்க, உங்களுக்கு ஏன் அது உறுத்துச்சுன்னு சொல்லுங்க, அப்பறம் அவங்க பக்கத்த கேளுங்க. உதாரணமா, "சேச்சுரேஷன் எழுபதுக்கு வந்தப்பறமும் மூணாவது தடவை லாரிங்கோஸ்கோப் (ட்யூப் போட தொண்டைய பாக்கற கருவி) எடுத்தீங்க, எனக்கு அந்த எடத்துல பயமா இருந்துச்சு, உங்க மனசுல அப்ப என்ன ஓடுச்சு?" வர்ற பதில் பல தடவை நீங்க எதிர்பாக்காததா இருக்கும். ஒருத்தர் சொன்னார், "சார் எனக்கு மானிட்டரே தெரியல, என் முதுகுப் பக்கம் இருந்துச்சு"ன்னு. போய்ப் பாத்தா எங்க தியேட்டர்லயும் அது அப்படித்தான் மாட்டி இருந்துச்சு, அன்னைக்கே எடத்த மாத்தினோம். ஏன் பண்ணினேன்னு அதட்டி இருந்தா அது வெளிய வந்திருக்காது.

கடைசில ஆளுக்கு ஒண்ணு, நாளைக்கு வார்டுல எத மாத்திப் பண்ணுவீங்கன்னு அவங்க வாயாலயே சொல்ல வெச்சு முடிங்க.

இங்க நடக்கறது இங்கயே இருக்கும்னு ஆரம்பத்துலயே சொல்லணும், சொன்னா காப்பாத்தணும். யாரு தடுமாறினாங்கன்னு டிபார்ட்மென்ட் ஹெட் வந்து கேப்பார், கண்டிப்பா கேப்பார், சொல்லாதீங்க. பரீட்சை நாள் வேற, பழகற நாள் வேற, எது எதுன்னு முன்னாடியே தெரியணும். வீடியோ எடுத்தா சம்மதம் வாங்குங்க, எப்ப அழிப்பீங்கன்னும் சொல்லுங்க.

பாஸ் ஆனப்பறம்

சிமுலேஷன்ல பாஸ் ஆனா லைசென்ஸ் இல்ல. முதல் சில பேஷன்டுகளுக்கு பக்கத்துல க்ளவுஸ் போட்ட சீனியர் நிக்கணும், ஃபோன்ல இருந்தா பத்தாது. ஜெலட்டின் வலிக்குதுன்னு கத்தாது, தலைய திருப்பாது, அதோட தோல் தடிச்சு இருக்காது, அத சமாளிக்கறது பேஷன்ட் பக்கத்துலதான் வரும். நடுவுல ஒரு படி வேணும்னா, ஒரு ஆள படுக்க வெச்சு அவர் உடம்பு மேல மாடல கட்டி வெச்சு செய்யச் சொல்லுங்க, பேசிக்கிட்டே செய்யறது எவ்ளோ கஷ்டம்னு அப்ப தெரியும். ஆனா நீடில் அவர் மேல படாத மாதிரி அடில கெட்டியான பலகை இருக்கணும்.

வார்டுல என்ன மாறுச்சுன்னு எண்ணுங்க. ஒரு லைனுக்கு எத்தன தடவை குத்தினாங்க, ஆர்ட்டரில எத்தன தடவை போச்சு, இன்ஃபெக்‌ஷன் எத்தன. தினமும் லைன் இருக்கற பேஷன்டுகள எண்ணிக் கூட்டினா கதீட்டர் நாள் வந்துடும், இன்ஃபெக்‌ஷன அதால வகுத்து ஆயிரத்தால பெருக்குங்க. ட்ரெயினிங் ஆரம்பிக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே எண்ண ஆரம்பிச்சுடுங்க, இல்லைன்னா பின்னால ஒப்பிட ஒண்ணும் இருக்காது, நான் அத பண்ணாம விட்டு வருத்தப்பட்டவன். ட்ரெயினிங் பிடிச்சிருந்துச்சான்னு கேக்கற ஃபீட்பேக் ஃபார்ம்ல எப்பவும் அஞ்சுக்கு நாலரை வரும், அத நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க.

கை மறந்துடும். சிபிஆர எடுத்துக்கங்க, 5ல இருந்து 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, எல்லாரும் ஒப்பிப்பாங்க, ஆனா பழகி சில மாசம் ஆனதும் கை அந்த ஆழத்துக்கு போகாது. வருஷத்துக்கு ஒரு நாள் முழுக்க உக்கார வைக்கறத விட, மேனிகின வார்டு ஓரத்துல போட்டுட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் செய்யச் சொல்றது நல்லது. அபூர்வமா வர்ற ப்ரொசீஜருக்கு, கழுத்துல வெட்டி மூச்சுக்குழாய்ல ட்யூப் போடற மாதிரி, இது இன்னும் அடிக்கடி வேணும், ஏன்னா பேஷன்ட்கிட்ட பழக சந்தர்ப்பமே கிடைக்காது.

வார்டுலயே நடத்தறப்ப

தனி ரூம் இல்லைன்னா கவலைப்படாதீங்க, நிஜ ஐசியூ பெட்டுலயே நடத்தறதுல ஒரு லாபம் இருக்கு, ஆளுங்களோட குறை மட்டும் இல்லாம அந்த எடத்தோட குறையும் வெளிய வரும். க்ராஷ் கார்ட்ல (எமர்ஜென்சி சாமான் வண்டில) பேட்டரி இல்ல, டிஃபிகல்ட் ஏர்வே செட் பூட்டி இருக்கு, சாவி இன்னொரு மாடில இருக்கு. இத எல்லாம் எழுதி, யாரு எப்ப சரி பண்ணுவாங்கன்னு பேரோட போடுங்க. நிஜ பேஷன்ட் கூட்டம் அதிகமா இருந்தா அன்னைக்கு ரத்து பண்ணுங்க, யோசிக்கவே வேணாம்.

அப்பறம் நான் முன்னாடி சொன்ன அந்த ஸ்டிக்கர். 2014 கடைசில அமெரிக்கால, ட்ரெயினிங்குக்குன்னு தயாரிச்ச, ஸ்டெரைல் பண்ணாத சலைன் பாட்டில்கள் நிஜ க்ளினிக்குகளுக்குப் போய், 40க்கும் மேல பேஷன்டுகளுக்கு ஏறிடுச்சு. பல பேருக்கு குளிர் காய்ச்சல், சிலர் ஆஸ்பத்திரில சேர வேண்டியதாச்சு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டுச்சு. அதனால பயிற்சி மருந்து, பயிற்சி பாட்டில் எல்லாம் தனி கலர் பெட்டில, பெட்டி மேல எண்ணிக்கை எழுதி வார்டுக்கு வரணும். முடிஞ்சதும் ரெண்டு பேர் சேர்ந்து எண்ணணும், ஒருத்தர் எண்ணினா பத்தாது, எண்ணிக்கை சரியா வர்ற வரைக்கும் யாரும் கிளம்பக் கூடாது, டீ குடிக்கக்கூட.